வெந்த கோசம்பரி

எனக்குக் கிடைத்த முதல் அரசாங்க உத்தியோகத்தில் நான் முதலில் செய்த வேலை, ஊர் ஊராகப் போய் மலத்தின் அருமை பெருமையைப் பேசியதுதான். எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பா இதைச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லவில்லை. “பையன் விவசாய அபிவிருத்தியில் இருக்கிறான்” என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. கிராம சேவக் என்று ஒரு புது உத்தியோகத்தை உண்டாக்கி, பயிற்சி கொடுத்து, கையில் ஒரு சைக்கிளையும் கொடுத்து எங்களை நாலா பக்கமும் அனுப்பினார்கள். நான் ராமநாதபுரத்துக் கரிசல்காட்டில் வளர்ந்தவன். என்னைத் தூக்கி ஓசூர்ப் பக்கம் போட்டார்கள். அப்போது அது சேலம் ஜில்லா. மார்கழியில் பல் கிடுகிடுவென்று ஆடும். டீக்கடையில் நான் தமிழில் கேட்டால் கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கன்னடத்தில் மறுப்பார். கடைசியில் மூன்று பேருக்கும் டீ வந்து சேரும். இரண்டு மாதத்தில் எனக்கும் பழகிவிட்டது.

டவுனுக்கு வெளியே பஞ்சாயத்தின் கம்போஸ்ட் மைதானம் இருந்தது. காலையில் வீட்டுக் கக்கூஸ்களிலிருந்து எடுத்ததும் தெருவில் கூட்டியதும் வண்டி வண்டியாக அங்கே வரும். இடுப்பளவு ஆழத்தில் நீளநீளமான குழிகள். அடியில் ஒரு சாண் குப்பை, அதன்மேல் மூன்று விரல் கனத்துக்கு மலம், மறுபடி குப்பை, மறுபடி மலம். குழி நிரம்பியதும் மேலே மண்ணைப் போட்டு, சேறு குழைத்து, வீட்டுச் சுவரைப் பூசுகிற மாதிரி மெழுகிவிட வேண்டும். ஈ நுழைய இடம் இருக்கக் கூடாது. ஆறு மாதம் அதைத் தொடக் கூடாது. உள்ளே எழும்புகிற சூட்டில் கிருமியும் பூச்சி முட்டையும் செத்து, கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த காட்டு வாசனையோடு எரு வெளியே வரும்.

இந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேஸ்திரி. தலைமுறை தலைமுறையாக ஊர் வேலையெல்லாம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். ஐம்பது வயது இருக்கும். எழுத்து தெரியாது. அவரிடம் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதைக் குழிக்குள் செருகிவிட்டு ஒரு பீடி பிடிப்பார். பீடி முடிந்ததும் கம்பியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். சுட்டால், “இன்னும் வேலை நடக்குது” என்பார். சுடாவிட்டால் கம்பியின் நுனியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்.

என்னிடம் இருந்ததோ அச்சடித்த ஒரு நோட்டீஸ். அதில் பதினொரு விதிகள். வயலில் கொட்டிய அன்றே உழுது மூடிவிட வேண்டும். கிணற்றுப் பக்கம் கொட்டக் கூடாது. காலில் புண் இருப்பவர் இறங்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவ வேண்டும். பச்சையாகச் சாப்பிடுகிற எந்தக் காய்க்கும் கீரைக்கும் இதைப் போடவே கூடாது. இப்படிப் பதினொன்று. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு இருந்தது.

விதிகளைக் கேட்க ஆள் வேண்டுமே! நான் சைக்கிளை நிறுத்தினாலே ஜனங்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். டவுன் குப்பை எருவில் என்ன கலந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை. நான் போய் அதை உடைத்துச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

கடைசியில் தொரப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி ஒத்துக்கொண்டார். நல்ல உயரம், பெரிய மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான குரல். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மாடுகளிடம் கன்னடம். ஊர் ராமர் கோவில் காரியங்களை முன்னே நின்று நடத்துகிறவர். அவர் எருப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று எனக்கு ஆசை.

அவர் சரி என்றதும் அவருடைய சம்சாரம் என்னைக் கூப்பிட்டு விசாரணை நடத்தினார். அந்த அம்மாவுக்கு முப்பதுக்குள்தான் வயது இருக்கும். கேள்வி கேட்கும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொள்வார். எனக்கு என் பயிற்சிக்கூட வாத்தியாரே பரவாயில்லை என்று தோன்றும்.

“ஆறு மாசம் மூடி வெச்சா உள்ள என்னா ஆவுது?”

நான் உஷ்ணம், நுண்ணுயிர், ரசாயன மாறுதல் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“அப்ப குழிக்குள்ள வேவுதுன்னு சொல்லுங்க. இதச் சொல்ல இத்தினி நேரமா?”

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் விதிகளுக்கு அவர்தான் காவல். ஆள்காரர்கள் சோப்புப் போடாமல் உள்ளே வந்தால் செம்புத் தண்ணீரோடு துரத்துவார். ஒருநாள் என்னையே திருப்பி அனுப்பி மறுபடி கால் கழுவச் செய்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விதி என்னுடையதாயிற்றே!

நோட்டீஸில் இருந்தபடி அந்த விவசாயியிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “பச்சையாகச் சாப்பிடுகிறது ஏதாவது உங்கள் காட்டில் போடுவதுண்டா?”

அவர் மீசையைத் தடவி யோசித்தார். “கேவுரு களியாக் கிண்டறோம். அவரை, மொச்சை வேக வெக்கறோம். கீரையக் கடையறோம். பச்சையா எத சார் திங்கறோம்? நாம என்ன ஆடா, மாடா?”

இல்லை என்று நான் எழுதிக்கொண்டேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். பங்குனியில் மேலதிகாரி ஒருவர் மாதிரி வயலைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வரும்போது கேழ்வரகு முழங்கால் உயரம் நிற்க வேண்டும், என் பெயர் மேலே போக வேண்டும் என்று எனக்குள் ஒரு துடிப்பு. குழியை மூடியது புரட்டாசியில். மாசி பிறந்ததும் மைதானத்துக்குப் போய் அதைத் திறக்கச் சொன்னேன். மேஸ்திரி கம்பியைச் செருகி, பீடி பிடித்து, உருவி, என் கையிலேயே வைத்தார். சுட்டது.

“இன்னும் ஒரு மாசம் போவட்டும் சார்.”

“கேழ்வரகுக்குத்தானே? களியாக வெந்துதானே வயிற்றுக்குப் போகிறது?” என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பெருமை. அவர் மண்வெட்டியை எடுத்தார். பேசினால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டிகள் போயின. கேழ்வரகு வந்தது பாருங்கள், அப்படி ஒரு பச்சையை நான் அதுவரை கண்டதில்லை. அதிகாரி வந்து வரப்பில் நின்று, “பேஷ்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பெருமை ராம நவமி வரைக்கும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ராம நவமியை ஊர்கூடிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. இங்கே அது பெரிய விசேஷம். கோவிலுக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல், பஜனை, அண்டா அண்டாவாகப் பானகம், நீர்மோர். எனக்கும் அழைப்பு வந்திருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். பந்தலுக்குள் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில், அதே ஊர்க்காரரான மேஸ்திரியும் அவர் தெருக்காரர்களும் சொம்புகளோடு நின்றார்கள். அவர்களுக்கு அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுவார்கள். அது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

மேஸ்திரி அங்கிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். எழுந்து போனேன்.

“சார், அங்க கூடையில இருக்குதே வெள்ளரிக்கா, அது எந்தக் காட்டுது?”

“தெரியாதே. ஏன்?”

“அன்னைக்கு எருவுல ரெண்டு வண்டிய மீசைக்காரரு தன் கெணத்தோரம் கொட்டச் சொன்னாரு. கேவுருக்குத்தான்னு நெனச்சன். நேத்து அந்தப் பக்கம் போனன். வெள்ளரிக் கொடி படுத்துக் கெடக்குது.”

“இருக்கட்டும், வெள்ளரிக்காயை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கு என்னதான் தெரியும் என்ற கேள்வி இருந்தது. “கோசம்பரி சார். ஊற வெச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்கா, தேங்கா, கொத்தமல்லி. அப்படியே கலந்து குடுப்பாங்க. பச்சையா.”

பந்தலுக்கு ஓடினேன். விவசாயி பட்டைக்கரை வேட்டியும் துண்டுமாக வாழைக்குலை கட்டிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“ஆமா சார். வருஷா வருஷம் கெணத்தோரத்துல சாமிக்குன்னு வெள்ளரி போடுவன். உங்க எரு வந்ததும் நல்லத மொதல்ல சாமிக்குத்தான குடுக்கணும்? அதான் அங்க மொதல்ல போட்டன். காய் எப்பிடி வந்திருக்குது பாத்தீங்களா!”

“பச்சையாகச் சாப்பிடுவது எதுவும் இல்லை என்றீர்களே ஐயா!”

“இது சாப்பிடறதா? பிரசாதங்க.”

அவர் என்னை ஏமாற்றவில்லை. சாப்பாடு என்றால் பசிக்குத் தின்பது. உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். பூச்சி முட்டை, பேதி, குழியை நான் முன்னாலேயே திறந்தது, எல்லாம். சிரிப்பு போய், அவர் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது. “ராமருக்கா? ராமருக்கா அதப் போட்டன்?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் திண்டாடிப் போனேன். பந்தலில் நின்று உண்மையைச் சொன்னால், மலத்தில் விளைந்ததைச் சாமிக்குக் கொண்டுவந்தவர் என்ற பேர் அந்த மனுஷனை ஆயுசுக்கும் விடாது. கோவில் படியை மறுபடி மிதிக்க அவருக்கே மனசு வராது. சொல்லாவிட்டால் ஊர்க் குழந்தைகள் அத்தனையும் அதைத் தின்னும். ஒன்றும் ஆகாமலும் போகலாம், பேசாமல் இருந்துவிடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் குரலை நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பின்னாலேயே வந்திருந்த மேஸ்திரி பந்தல் காலுக்கு வெளியே நின்றபடி, “என் பொண்ணும் சொம்போட நிக்கறா சார்” என்றார். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அதற்குள் விவசாயியின் சம்சாரம் பருப்புக் குண்டானோடு வந்துவிட்டார். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே என்ன என்று கேட்டார். சொன்னேன். குண்டானைக் கீழே வைத்தார். இடுப்பில் கை ஏறியது.

“குழி எத்தினி மாசம் வெந்துச்சு?”

“ஐந்து.”

“எனக்கு ஆறுன்னு சொன்னீங்க.”

“ஆமாம்.”

என் வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதற்கு எதுவும் ஈடாகாது. பிறகு புருஷனைப் பார்த்தார். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“சரி. குழியில வேவாதத அடுப்புல வேக வெச்சா ஆச்சு.”

“யாராவது கோசம்பரிய வேக வெப்பாங்களா? ஊரு கேக்காதா?” என்றார் விவசாயி.

“கேக்கட்டும்.”

அந்த அம்மா பந்தல் நடுவில் போய் நின்று, பஜனைக்காரர்களைக் கையமர்த்தி, உரக்கச் சொன்னார். “இந்த வருசம் கோசம்பரிய வேக வெச்சுத்தான் சாமிக்குப் படைக்கணும். பச்சையா ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாது. அது என்னோட வேண்டுதல்.”

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “ராம நவமிக்கு இது என்னம்மா புதுப் பழக்கம்?” என்று ஆரம்பித்தார். அவர் சம்சாரம் அவர் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். பேச்சு அத்தோடு நின்றது. எனக்கு முதலில் புரியவில்லை. அந்த அம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. என்ன வேண்டுதல் என்று கேட்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெண்களில் ஒருத்தி எழுந்து அடுப்புக்குக் கல் கூட்டினாள். இன்னொருத்தி விறகுக்கு ஓடினாள். யாருக்கும் காட்டாத தன் துக்கத்தை, புருஷனுக்காகவும் ஊருக்காகவும், என் முட்டாள்தனத்துக்காகவும் சேர்த்து, அந்த அம்மா ஊர் நடுவில் எடுத்து வைத்துவிட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் குனிந்து அடுப்பை ஊதினேன். சலவைச் சட்டை கரியாயிற்று.

வெள்ளரிக்காய் கண்ணாடி மாதிரி ஆகும்வரை பருப்போடு கொதித்தது. கொத்தமல்லியைப் பாகலூர்ச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார்கள். அதையும் நான் நம்பவில்லை, கொதிக்கிற அண்டாவிலேயே போடச் சொன்னேன். தேங்காயும் எலுமிச்சையும் இறக்கிய பிறகு. வெள்ளரி நறுக்கிய கத்தி, கூடை, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “வேண்டுதல்” என்று அந்த அம்மாவே பதில் சொன்னார்.

படைத்து முடிந்ததும் அந்த அம்மா ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குத் தானே போனார். வழக்கமாக உயரத்திலிருந்து போடுவார்கள். மேஸ்திரியின் மகளுக்கு அவர் குனிந்து இலையில் வைத்தார். “சுடுது, ஊதித் தின்னு” என்றார்.

அடுத்த இரண்டு மாதம் நான் அந்த ஊரில் வீடு வீடாகப் போய், “வயிறு எப்படி இருக்கிறது?” என்று விசாரித்தேன். எனக்கு ‘வயித்து சார்’ என்று பேர் வைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றோர வெள்ளரிக் கொடியை விவசாயியே பிடுங்கிப் போட்டார். கிணற்றை இறைத்து, மருந்து போட்டோம். மைதானத்தில் மேஸ்திரியிடம் என் தப்பை ஒத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தக் குழியையும் கம்பியைக் கேட்காமல் நான் திறந்ததில்லை.

வேடிக்கை இனிமேல்தான். மறு வருஷம் ராம நவமிக்கு முன்னாலேயே அந்த அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊருக்குச் சந்தேகமே இல்லை. வெந்த கோசம்பரி ராமருக்குப் பிடித்துப்போயிற்று! பெயர் வைக்கிற அன்று நான் போயிருந்தேன். அந்த அம்மா குழந்தையை என் மடியில் வைத்து, வேறு யாருக்கும் கேட்காமல், “கை கழுவினீங்களா?” என்றார். சீக்கிரமே எனக்குச் சிங்காரப்பேட்டைக்கு மாற்றல் வந்தது.

பிறகு நான் அந்தப் பக்கம் போனது இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு ராம நவமி அன்று. டவுன் எங்கேயோ போயிருந்தது. வழியெல்லாம் தொழிற்சாலைச் சுவர்கள். கம்போஸ்ட் மைதானம் இருந்த இடத்தில் பஸ்கள் நின்றன. என் பதினொரு விதிகள் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், அவர் பேரன் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கிறான் என்றும் சொன்னார்கள். கோவில் மட்டும் அங்கேயே இருந்தது, பந்தலும் இருந்தது. புளியமரத்தடியில் தனியாக யாரும் நிற்கவில்லை.

ஒரு பெண் வந்து என் கையில் இலையைக் கொடுத்து, அதில் ஆவி பறக்கிற கோசம்பரியை வைத்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. நான் வேண்டுமென்றே, “ஏம்மா, கோசம்பரியைப் பச்சையாகத்தானே கொடுப்பார்கள்?” என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கை இடுப்புக்குப் போயிற்று. “எங்க ஊர்ல பச்சையாக் குடுக்கக் கூடாதுங்க. சாமிக்கு ஆகாது. எங்க அம்மா வேண்டிக்கிட்டு, அதுலதான் நான் பொறந்தன். வெளியூர்க்காரங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

அவளுக்குப் பின்னால் நரைத்த தலையோடு அந்த அம்மா நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லிவிடாதீர்கள் என்று எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளதைச் சொன்னால், வெந்த கோசம்பரியில் ருசி ஒன்றும் கிடையாது. ஊதி ஊதித் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டிக்கு இலையை நீட்டினேன்.